டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்': எல்பியில் பாட்டு ஏன் சீக்கிரமே முடிந்துவிடுகிறது?

ஊசிமுனை கேட்டது:

வணக்கம். மூர் மார்க்கெட்டில் பழைய ரெக்கார்டு விற்கும் ஒரு பெரியவரிடம், டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'பிரதர்ஸ் இன் ஆர்ம்ஸ்' எல்பி (பெரிய இசைத்தட்டு) கிடைத்தது. உறையின் ஓரத்தைப் பூச்சி அரித்திருக்கிறது, ஆனால் தட்டில் கீறல் இல்லை. ஐநூறு சொன்னார், முந்நூற்றைம்பதுக்குப் பேசி வாங்கினேன்.

இந்த ஆல்பத்தை நான் சிடியில் கேட்டு வளர்ந்தவன். அப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. அதனால் ஒவ்வொரு பாட்டும் எங்கே முடியும் என்று உடம்புக்கே தெரியும். இந்த எல்பியை ஓடவிட்டால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது. 'ஒய் வரி' சிடியில் எட்டரை நிமிடம். இதில் ஐந்தரை நிமிடத்துக்குள் தேய்ந்து மறைந்துவிடுகிறது. 'யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்' சிடியில் ஆறரை, இதில் ஐந்துகூட வரவில்லை. 'மனி ஃபார் நத்திங்'கிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் காணோம். இரண்டாம் பக்கத்தில் மட்டும் எந்தக் குறையும் இல்லை.

என் கேள்வி இரண்டு. ஒன்று, இது போலியா? யாராவது கேசட்டிலிருந்து அடித்த தட்டா? இரண்டு, இதைப் பற்றி ஒரு நண்பனிடம் பேசினேன். "அது பாட்டு ஆல்பமே இல்லைடா, ஸ்பீக்கர் விற்கிற கடைக்காரன் போட்டுக் காட்டுற பளிங்குச் சுத்தமான சாம்பிள்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான். நாற்பது வருடம் கழித்து இதில் கேட்க என்ன இருக்கிறது? அந்தக் காலத்திலேயே கேட்டவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

---

சுழல்மேடை:

போலி இல்லை, பயப்படாதீர்கள். 1985இல் வந்த ஒற்றைத் தட்டு எல்பி எல்லாமே அப்படித்தான். முதல் பக்கத்து ஐந்து பாட்டுக்கும் கத்திரி போட்டார்கள். சிடியிலும் கம்பெனி கேசட்டிலும் முழு நீளம் வந்தது.

காரணம் இடம். எல்பியில் ஒரு பக்கம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கிப் போட வேண்டும். நெருக்கினால் சத்தத்தைக் குறைத்து வெட்ட வேண்டும், பேஸ் (அடித்தொனி) மெலியும். உங்கள் சிடியில் முதல் ஐந்து பாட்டையும் கூட்டிப் பாருங்கள், கிட்டத்தட்ட 33 நிமிடம் வரும். அதை 25க்கு இறக்கித்தான் தட்டில் ஏற்றினார்கள். இரண்டாம் பக்கம் 22 நிமிடச் சொச்சம்தான், அதனால் அதைத் தொடவில்லை.

முந்நூற்றைம்பது நல்ல விலை. உறையை வெயிலில் காயவைக்காதீர்கள், வளைந்துபோகும்.

---

பழைய டேப்:

சுழல்மேடை சார் கணக்கு கச்சிதம். இரண்டாவது கேள்விக்கு நான் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி, இது நான் பிழைப்பு நடத்திய ஆல்பம்.

எண்பதுகளின் கடைசியில் திருச்சியில் என் மாமா ஒரு ரிக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். இந்தத் தலைமுறைக்குச் சொல்கிறேன்: நீங்கள் பாட்டு லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவீர்கள், வெற்றுக் கேசட்டுக்குக் காசு, பதிவுக்குக் காசு, நாலு நாள் கழித்து வந்து வாங்கிக்கொள்ளலாம். தொண்ணூறு சதவீதம் ராஜா. மிச்சத்துக்கு ஆர்.இ.சி. பொறியியல் கல்லூரி ஹாஸ்டல் பையன்கள். அவர்கள் லிஸ்டில் இந்த ஆல்பம் இல்லாத மாதம் கிடையாது. எங்களிடம் முதலில் இருந்தது எல்பி, கப்பலில் வேலை பார்த்த ஒருவர் விற்றது. பிறகு சிடி வந்தது. வந்ததும் மாமாவுக்கு ஒரு தலைவலி. பையன்கள் கொண்டுவருவது 60 நிமிட டிடிகே கேசட். ஒரு பக்கம் முப்பது நிமிடம். எல்பியிலிருந்து பதிந்தால் முதல் பக்கம் அழகாக உட்காரும், கொஞ்சம் இடம்கூட மிஞ்சும். சிடியிலிருந்து பதிந்தால் 'ஒய் வரி' பாதியில் டக்கென்று அறுந்துவிடும். 90 நிமிடக் கேசட் வாங்கச் சொன்னால் பையன்கள் முகம் சுருங்கும். "அறுந்தாலும் பரவாயில்லை அண்ணே, சிடியிலேர்ந்தே போடுங்க" என்பார்கள். திருச்சி ஹாஸ்டல்களில் அந்தப் பாட்டு பாதியில் நின்றுபோவதுதான் அதன் முடிவு என்று நினைத்துக்கொண்டு டிகிரி வாங்கிப் போனவர்கள் பலர் இருப்பார்கள்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன். உங்கள் நண்பர் சொன்ன சாம்பிள் விஷயம் முழுப் பொய்யில்லை. சிடியைக் கண்டுபிடித்தவர்கள் பிலிப்ஸும் சோனியும். 1982, 83இல் கடைக்கு வந்துவிட்டது, ஆனால் பிளேயர் விலை யானை விலை. ஜனங்கள் வாங்க ஒரு சாக்கு வேண்டும். டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் பாடல்கள் வெளிவந்தது வெர்டிகோ லேபிளில். அது பாலிகிராம் குடும்பம். பாலிகிராமில் பிலிப்ஸுக்குப் பெரும் பங்கு. இந்த ஆல்பத்துக்கான உலகச் சுற்றுப்பயணத்துக்கு ஸ்பான்சரே பிலிப்ஸ்தான். சிடியில் பத்து லட்சம் விற்ற முதல் ஆல்பம் இது. சிடி இதை விற்றதா, இது சிடியை விற்றதா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். ஆக, கடைக்காரர் போட்டுக் காட்டுவதற்கென்றே பொருத்தமாக வந்து விழுந்த சரக்கு. ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அது எப்படிப் பதிவானது என்று பாருங்கள். அதற்குப் பிறகு "சுத்தம், பளபளப்பு" என்றெல்லாம் சொல்ல வாய் வராது.

இடம், கரீபியன் கடலில் மான்செராட் என்கிற குட்டித் தீவு. பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் 1979இல் அங்கே ஏர் ஸ்டுடியோஸ் கட்டினார். 1984 கடைசியில் இவர்கள் போய் இறங்குகிறார்கள். தயாரிப்பு, குழுவின் பாடகரும் கிட்டார்காரருமான மார்க் நாஃப்ளரும் நீல் டார்ஃப்ஸ்மனும். சோனியின் 24 டிராக் டிஜிட்டல் டேப் மெஷின். அன்றைக்கு அது புத்தம்புது சாமான், நம்பலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியாது. ஸ்டுடியோவும் பெரிய மண்டபமெல்லாம் இல்லை.

அங்கே முதலில் நடந்தது டிரம்ஸ் பிரச்சினை. குழுவின் டிரம்மர் டெரி வில்லியம்ஸ் மேடையில் இடி மாதிரி அடிப்பவர். ஸ்டுடியோவில் இந்தப் பாட்டுகளுக்கு அது ஒத்துவரவில்லை என்று தயாரிப்பாளருக்குப் பட்டுவிட்டது. வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் வாசித்த ஓமர் ஹக்கீமை வரவழைத்தார்கள். அவர் வந்து ஒரு சில நாட்களில் கிட்டத்தட்ட ஆல்பம் முழுவதற்கும் வாசித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் 'மனி ஃபார் நத்திங்' ஆரம்பத்தில், அந்த கிட்டார் இறங்குவதற்கு முன்னால், டிரம்ஸ் கட்டவிழ்ந்து உருண்டு வருமே, அது வில்லியம்ஸ். அதை மட்டும் எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை போல. மொத்த ஆல்பத்திலும் உடம்பில் மயிர் சிலிர்க்கிற முதல் இடம் அது. பிறகு சுற்றுப்பயணத்துக்கும் அவர்தான் வாசித்தார்.

அந்த கிட்டார் சத்தம் இன்னொரு கதை. நாஃப்ளர் தேடிப்போனது இசட் இசட் டாப் குழுவின் பில்லி கிப்பன்ஸ் வாசிக்கும் முரட்டு ஒலியை. வழக்கமாக ஸ்ட்ராட் வகை கிட்டாரில் விரல் நுனியால் கொஞ்சுகிறவர், இதற்காக லெஸ் பால் வகை கிட்டாரை எடுத்தார். ஆம்ப்ளிஃபையர் முன்னால் மைக்குகளை இன்னும் ஒழுங்காக வைத்துக்கூட முடிக்கவில்லை. ஒன்று தரையைப் பார்த்துக் கிடக்கிறது, இன்னொன்று ஸ்பீக்கரைச் சரியாகப் பார்க்காமல் கோணலாக நிற்கிறது. கண்ட்ரோல் ரூமில் கேட்டால் இதுதான் அந்தச் சத்தம்! யாரும் எதையும் தொடவில்லை, அப்படியே பதிந்துவிட்டார்கள். பிறகு நியூயார்க்கில் அதே ஒலியை மறுபடி கொண்டுவர முயன்றார்கள், வரவே இல்லை. மூக்கடைத்தவன் உறுமுவது போன்ற அந்தத் தொனி, கவனக்குறைவாக விழுந்துகிடந்த மைக்கின் கொடை. இதையா பளிங்குச் சுத்தம் என்கிறார் உங்கள் நண்பர்?

அப்புறம் பாடகர் ஸ்டிங். அவருடைய 'தி போலீஸ்' ராக் குழு அதே ஸ்டுடியோவில் இரண்டு ஆல்பம் பதிந்திருந்தது. அந்தச் சமயம் அவர் தீவில் விடுமுறையில் இருந்தார். கூப்பிட்டார்கள், வந்து இதே பாட்டில் எம்டிவி என்ற பாட்டு சேனலின் விளம்பர வாசகத்தைப் பாடினார். பாடிய மெட்டு போலீஸ் குழுவில் அவரே போட்ட பழைய பாட்டின் மெட்டு. அதனால் பாட்டு எழுதியவர் பட்டியலில் அவர் பெயரும் ஏறிவிட்டது. விடுமுறையில் ஒரு மதியம் செய்த வேலைக்கு வாழ்நாள் ராயல்டி!

முதல் பக்கத்தை எல்லோருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது இரண்டாம் பக்கம். சிடியில் கேட்பவர்களுக்குப் பக்கம் என்ற உணர்வே கிடையாது, ஒன்பது பாட்டும் ஒரே வரிசை. எல்பியில் எழுந்துபோய்த் திருப்பிப்போட வேண்டும். திருப்பிப்போட்டால் வேறு ஆல்பம். மழைக்காட்டுப் பூச்சிச் சத்தம் மாதிரி தொடங்கும் 'ரைட் அக்ராஸ் தி ரிவர்' ஆயுதம் தூக்கியவன் குரலில் ஓடுகிறது. 'தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்' கிழடு தட்டிப்போன ஒரு போர்க் குற்றவாளியின் வாக்குமூலம். அமைதியாகப் போய்க்கொண்டே இருக்கும்போது கிட்டார் இரண்டு முறை அறைகிறது பாருங்கள், ஹெட்போனில் கேட்டால் தூக்கிவாரிப் போடும். நடுவில் 'ஒன் வேர்ல்ட்', அது ஏன் அங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை, டீ குடிக்கப் போகலாம். கடைசியில் தலைப்புப் பாட்டு.

அது பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய 1982 ஃபாக்லாந்து போர்க் காலத்தில் முளைத்த பாட்டு. தலைப்புக்கு விதை நாஃப்ளரின் அப்பா பேச்சுவாக்கில் சொன்ன ஒரு வார்த்தை. அந்த அப்பா 1939இல் ஹங்கேரியை விட்டு வெளியேறிய யூதர். இதைத் தெரிந்துகொண்டு கேட்டுப் பாருங்கள். சாகப்போகிற ஒரு சிப்பாய் தன் தோழர்களிடம் பேசுகிறான். ஜெயித்தோமா தோற்றோமா என்று ஒரு வார்த்தை கிடையாது, எந்த நாட்டுக்காரன் என்றும் தெரியாது. வால்யூம் பெடலை மெல்ல மிதித்து மிதித்து ஒவ்வொரு ஸ்வரத்தையும் தொடக்கமே தெரியாமல் உள்ளே விடுகிறார். 2007இல், போர் முடிந்து இருபத்தைந்தாம் வருடம், மனக்காயத்தோடு வாழும் முன்னாள் ராணுவத்தினருக்கு நிதி திரட்ட நாஃப்ளர் இதை லண்டன் அபி ரோடு ஸ்டுடியோவில் மறுபடி பதிந்தார்.

கடையில் ஸ்பீக்கர் விற்கிறவர் இந்தப் பக்கத்தைப் போடமாட்டார். போட்டால் வாங்க வந்தவர் எழுந்து போய்விடுவார்.

---

நாலுகம்பி:

டேப் அண்ணனுக்கு மரியாதையோடு ஒரு எதிர்ப்பைப் பதிவு செய்கிறேன். நான் கோவையில் கச்சேரிகளுக்கு பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். இந்த ஆல்பத்துப் பாட்டுகளைக் கல்யாண ரிசப்ஷன் முதல் கல்லூரி விழா வரை வாசித்திருக்கிறேன். 'வாக் ஆஃப் லைஃப்' கேட்காத ரிசப்ஷன் இல்லை. அந்த ஆர்கன் வந்தால் போதும், சாப்பாட்டு வரிசையில் நிற்கிறவர்கூடக் காலைத் தட்டுவார். டார்ஃப்ஸ்மன் அந்தப் பாட்டை ஆல்பத்தில் சேர்க்கவே வேண்டாம் என்றாராம். குழு ஓட்டுப் போட்டு அவரைத் தோற்கடித்தது. நல்லவேளை.

என் கட்சி: எல்பிதான் சரியான வடிவம். 'ஒய் வரி'யில் பாட்டு முடிந்த பிறகு கிட்டத்தட்ட நாலு நிமிடம் ஒரே சுற்றைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அழகான சுற்று, மறுக்கவில்லை. ஆனால் சிடியில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்பியதாகவே எனக்குப் படுகிறது. 'சோ ஃபார் அவே' சிடியில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போகிறது, எல்பியில் நாலு. நாலே அதிகம். தூரத்தில் இருக்கிறாய், ஏங்குகிறேன். சரி, புரிந்தது, அடுத்தது? கத்திரி போட்டவர் நல்ல காரியம் செய்தார். இடம் தாராளமாகக் கிடைத்ததும் பாட்டை நீட்டுகிற வியாதி தொண்ணூறுகளில் எல்லோருக்கும் வந்தது, விதை போட்டவர்களில் இவர்களும் உண்டு.

அப்புறம் பேஸ் பற்றி யாரும் பேசமாட்டீர்கள், நானே பேச வேண்டியிருக்கிறது. குழுவின் பேஸ் ஜான் இல்ஸ்லி. இந்த ஆல்பத்தில் அவரோடு டோனி லெவின், நீல் ஜேசன் என்று நியூயார்க் கைகளும் வாசித்திருக்கின்றன. 'யுவர் லேட்டஸ்ட் ட்ரிக்'கில் மைக்கேல் பிரெக்கரின் சாக்ஸபோன், அவர் அண்ணன் ராண்டி பிரெக்கரின் ட்ரம்பெட். டிரம்ஸ் ஜாஸ்காரர். இப்படி வாடகைக்கு வந்த மேதைகளைக் கழித்துவிட்டால் டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் என்று ஒரு குழு இதில் எவ்வளவு மிச்சம்? 1978இல் வந்த முதல் ஆல்பத்தைக் கேளுங்கள். நாலே பேர், ஒரே அறையில் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் இவர்களின் உச்சம். அங்கே நாஃப்ளரின் தம்பி டேவிட் ரிதம் கிட்டார் வாசிக்கிறார், மூன்றாவது ஆல்பம் பதிவு நடக்கும்போதே விலகிவிட்டார்.

தலைப்புப் பாட்டு விஷயத்தில் மட்டும் அண்ணன் பக்கம். ஜி ஷார்ப் மைனர் என்ற ஸ்கேலில் வைத்திருக்கிறார்கள். கீபோர்டு பையன்கள் கெஞ்சுவார்கள், அரை ஸ்வரம் இறக்கிக்கலாமா என்று. இறக்கினால் என்னவோ கொஞ்சம் செத்துப்போகிறது.

---

வெயில்நதி:

எல்லோரும் 'மனி ஃபார் நத்திங்' மைக்கைப் பற்றியே பேசுகிறீர்கள், வரிகளைப் பற்றி யாரும் பேசவில்லையே?

நாஃப்ளர் நியூயார்க்கில் ஒரு வீட்டுச் சாமான் கடைக்குப் போயிருக்கிறார். சுவர் முழுக்க டிவி, எல்லாவற்றிலும் எம்டிவி. சாமான் தூக்குகிற ஒரு தொழிலாளி அதைப் பார்த்து, இவனுங்களுக்கெல்லாம் சும்மா காசு கொட்டுது பாரு என்று வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். நாஃப்ளர் கடையிலேயே பேப்பர் வாங்கி, விற்பனைக்கு வைத்திருந்த சமையலறை மேசையில் உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டார். பாட்டின் பெரும்பகுதி அந்தத் தொழிலாளி பேச்சுதான். அதில் ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வருகிறது. அப்போதே எதிர்ப்பு வந்தது. 2011 ஜனவரியில் கனடாவின் ஒலிபரப்புத் தர மன்றம், அந்த வார்த்தையோடு வானொலியில் போடக்கூடாது என்றது. கொஞ்ச நாள் கழித்து, அந்தந்த நிலையமே முடிவெடுக்கட்டும் என்று விட்டுவிட்டது.

பேசுவது பாத்திரம், எழுதியவர் இல்லை என்பது எனக்கும் தெரியும். கதையில் வில்லன் பேசுகிற வசனத்துக்கு எழுத்தாளரைப் பிடிக்க முடியாது. ஆனால் பாட்டு கதை இல்லையே. ஸ்டேடியத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்து பாடும்போது அந்தத் தொழிலாளி எங்கே இருக்கிறார்? வார்த்தை மட்டும்தான் இருக்கிறது. என் சித்தி மகன் இந்தப் பாட்டு வந்தால் அறையை விட்டுப் போய்விடுவான். அதற்குப் பிறகு எனக்கும் அந்த இடம் தொண்டையில் நிற்கிறது. மேடைகளில் நாஃப்ளரே அந்த வார்த்தையை மாற்றிப் பாடியிருக்கிறார், வானொலிக்காக வெட்டிய குறுகிய வடிவத்தில் அந்தப் பகுதியே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால் எம்டிவியைக் கிண்டலடிக்கும் இந்தப் பாட்டைத்தான் எம்டிவி தலையில் வைத்துக் கொண்டாடியது. ஸ்டீவ் பேரன் இயக்கிய அந்தக் கணினி அனிமேஷன் வீடியோவுக்கு 1986இல் ஆண்டின் சிறந்த வீடியோ விருது. 1987 ஆகஸ்ட் 1ஆம் தேதி எம்டிவி ஐரோப்பா தொடங்கியபோது முதலில் போட்டது இதையே. கிண்டல் பண்ணினவனையே மாப்பிள்ளை ஆக்கிக்கொண்டார்கள்.

---

பழைய டேப்:

வெயில்நதி, நீங்கள் சொன்னதில் எனக்கு வாதமே இல்லை. கடையில் அந்தக் காலத்தில் எங்களுக்கு அந்த வார்த்தையின் அர்த்தமும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ஹம்மிங் மாதிரி பாடிக்கொண்டு திரிந்தோம். இப்போது கேட்டால் நெருடுகிறது. நான் இப்போதெல்லாம் அந்தப் பாட்டில் டிரம்ஸும் கிட்டாரும் நுழைகிற முதல் இரண்டு நிமிடத்தைக் கேட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறேன்.

நாலுகம்பி தம்பியோடுதான் எனக்குச் சண்டை. 'ஒய் வரி'யில் பாட்டு முடிந்த பிறகு சுற்றுகிறது என்கிறீர்கள். பாட்டு அங்கேதான் ஆரம்பிக்கிறது! கவலைப்படாதே என்று வாயால் சொல்லி முடித்தாகிவிட்டது. எந்தக் காலத்திலும் வாயால் சொல்லி யாருக்கும் கவலை போனதில்லை. அதற்குப் பிறகு பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது மாதிரி அந்த நாலு நிமிடம். கிட்டார் புதிதாக எதுவும் சொல்வதில்லை என்பது சரி. சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கடையில் அறுந்த கேசட்டை வாங்கிப்போன ஒரு பையன் முழுப் பாட்டை எங்கேயோ கேட்டுவிட்டு, 90 கேசட்டோடு திரும்பி வந்து மறுபடி பதியச் சொன்னான். காசு கொடுத்துத்தான். வந்தது அவன் ஒருவன்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என்னைப் பொய்யன் என்பீர்கள்.

வாடகை மேதைகள் விஷயம் பாதி நியாயம். ஆனால் குழுவுக்குள்ளும் ஆட்கள் இருந்தார்கள். ஆலன் கிளார்க், கை ஃப்ளெட்சர் இரண்டு பேரும் கீபோர்டில் செய்திருப்பதை எடுத்துவிட்டால் இரண்டாம் பக்கம் நிற்காது. 'ரைட் அக்ராஸ் தி ரிவர்' முழுக்க அவர்கள் கட்டிய காடு. ஜாக் சோனி என்று ஒருவர், நியூயார்க்கில் கிட்டார் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நாஃப்ளருக்கு அங்கே பழக்கம். அந்த மனிதரைக் கூப்பிட்டு உலகச் சுற்றுப்பயணத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். 1985 ஜூலை 13, எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் கச்சேரி அன்று இவர்களுக்கு லண்டன் வெம்ப்ளி அரீனாவில் ராத்திரி கச்சேரி. பக்கத்திலேயே லைவ் எய்ட் நடந்த ஸ்டேடியம். மாலை ஸ்டேடியத்தில் ஸ்டிங்கோடு வாசித்துவிட்டு, திரும்பி அரீனாவுக்கு நடந்து போய் தங்கள் கச்சேரியைச் செய்தார்கள். கடையில் கிட்டார் எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தவர் ஒரு வருடத்துக்குள் அந்த மேடையில் நிற்கிறார்! சோனி 2023இல் போய்ச் சேர்ந்தார். ஆல்பத்தில் அவர் வாசித்தது 'தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்'கில் கிட்டார் சிந்தசைசர் மட்டும்.

அப்புறம் அந்த ஸ்டுடியோ. 1989 செப்டம்பரில் ஹியூகோ சூறாவளி மான்செராட்டைச் சூறையாடியது. ஸ்டுடியோ அதற்குப் பிறகு எழவே இல்லை. 1995இல் எரிமலை வேறு விழித்துக்கொண்டது, தலைநகர் பிளிமத் சாம்பலில் புதைந்தது. தீவு ஜனங்களில் பெரும்பாலோர் ஊரை விட்டே போக வேண்டியதாயிற்று. நாலுகம்பி, இதற்கும் உங்கள் வாதத்துக்கும் சம்பந்தமில்லை, சும்மா சொன்னேன்.

---

நாலுகம்பி:

சம்பந்தமில்லாவிட்டாலும் படித்தேன் அண்ணே. 'ஒய் வரி' சிடி வடிவத்தை இன்றைக்கு ராத்திரி ஒருமுறை கேட்கிறேன். மனம் மாறும் என்று சத்தியம் செய்யமாட்டேன். 'ஒன் வேர்ல்ட்' விஷயத்தில் உங்கள் பக்கம் நிற்கிறேன், ஆனால் அந்தப் பாட்டின் பேஸ் மட்டும் நன்றாகவே இருக்கிறது. டீ குடிக்கப் போகிறவர்கள் அதைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

---

ஊசிமுனை:

ஒரு கேள்விக்கு இவ்வளவு! எல்லோருக்கும் நன்றி. டேப் சார் சொன்னபடி இரண்டாம் பக்கத்தை மட்டும் தனியாகப் போட்டேன். 'தி மேன்ஸ் டூ ஸ்ட்ராங்'கில் அந்த அறை விழுந்தபோது அம்மா உள்ளே இருந்து "என்னடா உடைச்சே" என்று கேட்டார்.

கடைசியாக ஒன்று. முதல் பக்கத்துப் பாடல்களை முழு நீளத்தில் எல்பியாகவே கேட்க வழி உண்டா? கடையில் இரட்டைத் தட்டு ஒன்று பார்த்தேன், நான்காயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். அதுபோக நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு என்றும் ஒன்று வந்திருக்கிறதாமே?

---

சுழல்மேடை:

உண்டு. பின்னால் வந்த மறுபதிப்புகளில் இரண்டு தட்டாகப் போட்டு, சிடி நீளத்திலேயே வெட்டியிருக்கிறார்கள். இடத் தட்டுப்பாடு இல்லாததால் பேஸும் தாராளம். நான்காயிரம் இருந்தால் வாங்கலாம், ஒலி நிச்சயம் நன்றாக இருக்கும். ஆனால் பெட்டியில் "உயர் துல்லியம்" என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூலப் பதிவே அந்தக் காலத்து 16 பிட் டிஜிட்டல் டேப். அதில் இல்லாததை இப்போது யாரும் தோண்டி எடுக்க முடியாது. உங்கள் அப்பாவின் சிடி முதல் பதிப்பாக இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாப் லட்விக் மாஸ்டரிங் (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் செப்பனிடுவது) செய்தது, பின்னால் வந்த பல சிடிகள் மாதிரி சத்தத்தை ஏற்றிக் கசக்கிப் பிழியவில்லை.

நாற்பதாம் ஆண்டுப் பதிப்பு 2025 மே மாதம் வந்தது. ஆல்பத்தோடு 1985 ஆகஸ்டில் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் நடந்த கச்சேரிப் பதிவும் இருக்கிறது. அதில் வாசிப்பது டெரி வில்லியம்ஸ். ஸ்டுடியோவில் வேண்டாம் என்று ஒதுக்கிய டிரம்ஸ் இந்தப் பாட்டுகளில் எப்படி இருந்திருக்கும் என்று தெரிய அதுவே போதும். பெட்டியை வாங்க வேண்டாம், ஸ்ட்ரீமிங்கில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.